ஊருணியில் நாங்களே போட்ட ஓட்டை

ஐப்பசி முதல் வாரம் நல்ல மழை. இரண்டே இரவில் ஊருணியில் இடுப்பளவு தண்ணீர் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன். "சாரு, தண்ணி இறங்குதே. நேத்து மூணாம் படியில நின்னுச்சு, இன்னிக்கு நாலாம் படி முழுசாத் தெரியுது." நான் உடனே சொன்ன பதில்: "நேத்து வெயில் அடிச்சிருக்கும், ஆவியாகியிருக்கும்." போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரு படி அரை அடி. ஒரே ராத்திரியில் அரை அடி ஆவியாக வேண்டுமென்றால் ஊருணிக்கு அடியில் அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். வேதியியல் பாடம் நடத்துகிறவன் வாயிலிருந்து வந்த பதில் இது.

ஒரு ஊருணியைச் சரிசெய்யப் போய், அதில் நாங்களே ஓட்டை போட்டு, பிறகு அதை அடைத்த கதையைத்தான் எழுதப் போகிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்துகிறவர்கள், ஊர்க் குளத்தில் கைவைக்க நினைக்கும் இளைஞர் மன்றக்காரர்கள் யாராவது படித்தால் ஜேசிபிக்காரரிடம் பேசும்போது கொஞ்சம் ஞாபகம் வரட்டும்.

ஊர், மானாமதுரைக்குக் கிழக்கே, வைகையை விட்டு உள்ளே தள்ளி. நூற்றுச் சொச்சம் வீடு. ஊருணி 60 சென்ட். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு அதுதான் குடிதண்ணீர். செருப்புப் போட்டுக்கொண்டு கரையேற விடமாட்டார்களாம், குளிப்பதும் மாடு கழுவுவதும் பக்கத்துக் கண்மாயோடு சரி. குழாய் வந்ததும் அந்தக் கட்டுப்பாடெல்லாம் போய், கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கரையெல்லாம் சீமைக் கருவேலம், உள்ளே குப்பை. கோடையில் போர்வெல் காற்று இழுக்க ஆரம்பித்த பிறகு ஊர்க்காரர்களுக்கு மறுபடி ஊருணி ஞாபகம் வந்தது. எங்கள் கல்லூரி முகாமுக்கு ஊர் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள், கல்லூரியில் கடிதம் கொடுத்தேன், புரட்டாசிக் கடைசியில் ஏழு நாள் முகாம் என்று முடிவானது. 50 மாணவ மாணவியர். தங்குவது ஊர்ப் பள்ளிக்கூடத்தில்.

மரம் வெட்டும் வேலை எங்களுக்கு இல்லை. பஞ்சாயத்து நிலத்தில் நிற்கும் மரத்தை நாம் பாட்டுக்கு வெட்டிவிட முடியாது, மதிப்புப் போட்டு ஏலம் விட வேண்டும். அதை முன்பே முடித்து, கரிமூட்டம் போடுகிறவர் ஒருவர் எடுத்து வெட்டிக்கொண்டு போயிருந்தார். தரைக்கு மேலே இருந்ததை மட்டும். தூர் அப்படியே கிடந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டுவதும் முடி வெட்டுவதும் ஒன்று. வெட்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுத் தளிர் கிளம்பி நின்றது. முளைக்கும் கண் எல்லாம் மண்ணுக்குக் கீழே தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஒரு அடி ஆழமாவது சுற்றித் தோண்டி அந்தக் குமிழைப் பெயர்த்தால்தான் அது சாகும்.

முதல் நாள் 50 பேர் சேர்ந்து தோண்டிய தூர் எத்தனை தெரியுமா? பதினொன்று. கடப்பாரை பிடித்தே பழக்கமில்லாத கைகள். மதியத்துக்குள் பாதிப் பேருக்கு உள்ளங்கையில் கொப்புளம். கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அப்பத்தா ஒருவர், "ஏத்தா, அதுகூட சண்டை போடாத. ஒரு பக்கமாப் பள்ளம் பறிச்சுக்கிட்டு மறுபக்கமிருந்து நெம்பு" என்று எழுந்து வந்து செய்துகாட்டினார். நாங்கள் தூரைச் சுற்றி வட்டமாகத் தோண்டிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பறித்து, பக்கவேர் இரண்டை அரிவாளால் அறுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் கடப்பாரையைக் கொடுத்தால் கட்டை தானாகச் சாய்கிறது. மறுநாள் 34. நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அக்காமார்களும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கை கொடுத்தார்கள். கரிமூட்டக்காரரிடம் சொன்னதும் அவர் தூரையெல்லாம் தானே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி அதற்குப் பணமும் கொடுத்தார். தூர்க்கரிக்கு விறகுக்கரியைவிட விலை அதிகமாம். அந்தப் பணத்தில்தான் ஜேசிபி வாடகை கொடுத்தோம். நினைத்துப் பார்த்தால், எங்கள் ஓட்டைக்கான செலவு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் ஒரு தாத்தா வந்தார். அவர் குடும்பம் பரம்பரையாக அந்த ஊருக்கு நீர்பாய்ச்சி. கண்மாய் மடை திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்ப்பது எல்லாம் அவர் அப்பா காலம் வரை அவர்கள் பொறுப்பு. கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "ஊருணியத் துப்புரவு பண்றீக, சரி. தண்ணி எந்த வழியா வரும்னு பாத்தீகளா?"

பார்க்கவில்லை. மேகத்திலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன் போல.

அவர் பின்னாலேயே நடந்தோம். ஊருக்கு வடமேற்கே ஒரு பொட்டல் மேடு, சுமார் 45 ஏக்கர், கொஞ்சம் கோயில் காடும் சேர்த்து. அங்கே விழும் மழை ஒரு வரத்துக்கால் வழியாக ஊருணிக்கு வர வேண்டும். இடையில் 640 மீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு இடத்தில்தான் அது வாய்க்கால் என்று தெரிந்தது, மற்ற இடமெல்லாம் மேடும் முள்ளும். நடுவில் தார்ச்சாலை, அதற்குக் கீழே குழாய்ப் பாலம். குழாய்க்குள் குனிந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரியவில்லை. இன்னொரு இடத்தில் ஒருவர் தன் தொழுவத்துக்கு டிராக்டர் போக வாய்க்காலை மண்போட்டு மூடிப் பாதையாக்கியிருந்தார்.

அன்று ராத்திரி பள்ளிக்கூடக் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 45 ஏக்கர் என்பது 1,82,000 சதுர மீட்டர். 4 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஓடிவந்தால்கூட 14 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி என்றால் 120 லோடு. ஒரே மழையில். ஒரு மாணவி கேட்டாள், "அப்ப சார், ஊருணியத் தோண்டவே வேண்டாமா?" நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் விளக்கை அணைக்கச் சொன்னேன்.

வரத்துக்காலில் மட்டம் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முகாமில் உருப்படியாகச் செய்தது இதைத்தான். கருவி எதுவும் இல்லை. கொத்தனார் ஒருவரிடம் மட்டம் பார்க்கும் டியூப் வாங்கினோம், 20 மீட்டர் நீளம், கண்ணாடி போல உள்ளே தெரியும் ரகம். அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு அளவுகோல் கம்பில் கட்டி நிறுத்தினால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; கம்பில் இரண்டு அளவையும் படித்துக் கழித்தால் தரை எவ்வளவு இறங்குகிறது என்று வந்துவிடும். வெறும் தண்ணீர் வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆய்வகத்திலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு சிட்டிகை கொண்டுபோயிருந்தேன், ரோஸ் கலரில் பளிச்சென்று தெரிந்தது. டியூப்புக்குள் ஒரு காற்றுக்குமிழ் மாட்டினால் போதும், அளவு மொத்தமும் தப்பு. முதல் அரை நாள் எங்கள் கணக்குப்படி தண்ணீர் ஊருணியிலிருந்து மேட்டுக்கு ஓடியது! வாளியை உயரத்தில் வைத்து டியூப்பில் மெதுவாகத் தண்ணீரை ஓடவிட்டு, குமிழெல்லாம் வெளியேறும்வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கொத்தனாரே வந்து சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு 15 மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அளந்தோம். இரண்டு கணக்குக்கும் 3 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். மொத்த இறக்கம் 70 சென்டிமீட்டர். அதாவது 9 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். வெறும் கண்ணுக்கு அது தட்டையான தரை. அந்தக் காலத்தில் எதை வைத்து மட்டம் பார்த்து இந்தக் காலை வெட்டினார்கள் என்று தாத்தாவைக் கேட்டேன். "தண்ணியத்தான் வச்சு," என்றார். "மழை பெய்யையில குடையப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போகணும்."

முளைக்குச்சிக் கணக்கை வரைபடமாகப் போட்டதும் நோய் தெரிந்துவிட்டது. சாலைக் குழாயின் அடிமட்டத்தைவிட, சாலை தாண்டி ஊருணிப் பக்கம் 140 மீட்டருக்கு வாய்க்கால் தரை ஒரு அடி உயரமாக இருந்தது. வண்டல் படிந்து மேடாகிவிட்டது. அதனால் தண்ணீர் குழாய்க்கு முன்னால் தேங்கி, சாலை ஓரமாகவே வழிந்து ஓடைக்குப் போய்விட்டிருக்கிறது. பத்து வருஷமாக ஊருணியின் தண்ணீர் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது, ஊருணியில் குப்பை இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐந்தாம் நாள் முழுக்க அந்த 140 மீட்டரை வெட்டினோம். குழாய்க்குள்ளிருந்து வந்தவை: இரண்டு சைக்கிள் டயர், ஒரு அம்மிக் குழவி, கணக்கில்லாத பிளாஸ்டிக் கப், செத்துக் காய்ந்த ஒரு பாம்பு. குழவியை ஒரு அக்கா தன்னுடையது என்று அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

தொழுவக்காரரிடம் பேச நான் போனேன். "எங்க வழியப் பறிக்கவா வந்தீக" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் நூறு நாள் வேலை அக்காமார் நான்கு பேர் போய் என்ன பேசினார்களோ தெரியாது, அவர் வந்து, "பாதை போகாம பாத்துக்கிட்டாச் சரி" என்றார். இரண்டடி விட்டமுள்ள சிமென்ட் குழாய் மூன்றை வாய்க்காலில் புதைத்து மேலே மண் நிரப்பினோம். தண்ணீர் கீழே, டிராக்டர் மேலே. குழாய்க்கு அவரே பாதிப் பணம் கொடுத்தார்.

சரி, இப்போது அந்தத் தப்பு.

ஆறாம் நாள் ஜேசிபி வந்தது. வந்த வேலை, உள்ளே நின்ற பெரிய தூர்களைப் பெயர்ப்பதும் குப்பை மேட்டை அள்ளுவதும். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. குறைந்தபட்சம் நாலு மணி நேர வாடகை என்று பேச்சு. மீதி இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது, வண்டி நிற்கிறது, டிரைவர் பீடி குடிக்கிறார். ஊர் இளைஞர் ஒருவர், "சார், நடுவுல ஆழமாப் பறிச்சுட்டா கோடையிலயும் தண்ணி நிக்கும்ல" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னால், முகாம் அறிக்கைக்கு ஜேசிபி பள்ளத்தில் நிற்கும் புகைப்படம் ஒன்று கிடைக்கும் என்ற ஆசையும் இருந்தது. நடுவில் 6 மீட்டருக்கு 5 மீட்டர், நாலு அடி ஆழம் பறித்தோம். மேலே சாம்பல் நிற வண்டல், அதற்குக் கீழே கறுப்புக் களி. பக்கெட்டில் ஒட்டிக்கொண்டு விழவே மாட்டேனென்றது. கடைசியில் மஞ்சள் மணல் வந்தது. மணலைப் பார்த்ததும் பையன்களெல்லாம் கைதட்டினார்கள். தாத்தா கரையில் நின்று தடியை ஆட்டி ஏதோ சொன்னார், ஜேசிபி சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டேன், பிறகு கேட்கவும் இல்லை. தோண்டிய களியைக் கரைக்கு வெளியே கொட்டினோம், நல்ல வண்டல் என்று ஒருவர் இரண்டு டிராக்டர் தன் வயலுக்கு அடித்துக்கொண்டார்.

ஏழாம் நாள் வண்டல் குழி. தண்ணீர் ஊருணிக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் 2 மீட்டர் சதுரத்தில் ஒரு மீட்டர் ஆழம், சுற்றிலும் கல் அடுக்கு, வாயில் கம்பி வலை. அதே நாள் கரையின் வெளிச்சரிவில் பனைவிதை 400. ஒரு சாண் ஆழம், பத்தடிக்கு ஒன்று. கரையில் இடம் தீர்ந்ததும் மிச்சத்தை வரத்துக்கால் ஓரத்தில் போட்டோம். சாயங்காலம் ஊரே கூடிக் கேசரி. கிளம்பும்போது அக்காமார் சிலர் பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் பெருமையாகத்தான் பஸ் ஏறினேன்.

அப்புறம்தான் அந்தப் போன்.

சனிக்கிழமை நான்கு மாணவர்களோடு போனேன். வலை முதலில் கண்ணில் பட்டது: இலையும் பாலித்தீனும் அப்பி அடைத்து, தண்ணீர் குழியைச் சுற்றி மண்ணை அரித்துக்கொண்டு பக்கவாட்டில் போயிருந்தது. கொசுவலை மாதிரி நெருக்கமான வலை போட்டது என் யோசனை. அதைப் பிய்த்துவிட்டு, இரண்டு அங்குல இடைவெளியில் நான்கு இரும்புக் கம்பியை நட்டோம். அது சின்ன விஷயம்.

பெரிய விஷயத்துக்கு ஒரு வாளி போதும். வாளியில் ஊருணித் தண்ணீரை முக்கால் பாகம் ஊற்றி, தண்ணீருக்குள் இருக்கும் படியில் பாதி முங்கும்படி வைத்தோம், உள்ளே ஒரு கல் போட்டு. வாளிக்குள் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு, பக்கத்துப் படிக்கல்லில் ஊருணி மட்டத்தில் ஒரு கோடு. ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே சூடு. வாளியில் குறைவது ஆவியாவது மட்டும். ஊருணியில் அதற்கு மேல் குறைவதெல்லாம் கசிவு. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் வாளியில் 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஊருணியில் 92.

92 மில்லிமீட்டர்! அந்தப் பரப்புக்கு அது ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் லிட்டர் என்று பையன்களில் ஒருவன் போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். எங்கே போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கே சொன்னேன் சாரு. பானைக்கு அடியப் பேத்துட்டீகன்னு."

பன்னிரண்டு நாளில் ஊருணி காய்ந்தது. ஊரில் யாரும் நேரில் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. டீக்கடையில் ஒருவர் மட்டும், "முன்னாடி குப்பையா இருந்தாலும் முழங்கால் தண்ணியாச்சும் நின்னுச்சு" என்றார். காய்ந்த பள்ளத்தின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கிப் பார்த்தோம். பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டினால் வருஷத்துக்கொரு வெள்ளையடிப்பு தெரியுமே, அப்படி அடுக்கு அடுக்காக இருந்தது: ஒரு அடி வண்டல், இரண்டடி கறுப்புக் களி, அதற்குக் கீழே ஒரே மணல். எத்தனை தலைமுறை மாடும் மனிதரும் மிதித்து இறுகிய களியோ, அந்த இரண்டடிதான் ஊருணி. நாங்கள் அதைப் பெயர்த்து வெளியே போட்டிருந்தோம்.

அடைப்பது எப்படி? பிளாஸ்டிக் விரிப்புப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, சிமென்ட் போடலாம் என்று இன்னொன்று. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. விரிப்பு ஒரு மாட்டுக்குளம்புக்குத் தாங்காது, சிமென்ட் கோடையில் வெடிக்கும், அதற்குப் பணமும் இல்லை. எடுத்த களியையே திருப்பிப் போடுவது என்று முடிவு செய்தோம். ஆனால் வெளியே கொட்டிக் கிடந்த குவியலில் களியும் வண்டலும் மணலும் தூர் வேரும் எல்லாம் கலந்திருந்தது. அதில் கால் பங்கு வயலுக்கும் போய்விட்டது. எது களி, எது மண் என்று பிரிக்க நான் ஆய்வக முறையில் இறங்கினேன்: பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், குலுக்கி வைத்தால் மணல் நிமிஷத்தில் அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரத்தில், களி மட்டும் நாள்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். ஒன்பது பாட்டில் வரிசையாக வைத்துக் காத்திருந்தோம்.

மானாமதுரை என்றாலே பானையும் கடமும்தானே. அங்கிருந்து மண்பாண்டம் செய்யும் ஒருவரை ஒரு மாணவன் கூட்டிவந்தான், அவனுக்குப் பெரியப்பா முறை. அவர் பாட்டில்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, மரியாதைக்காரர். குவியலில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டிப் பென்சில் கனத்துக்குத் திரி ஆக்கினார். அதைச் சுண்டுவிரலைச் சுற்றி வளைத்தார். பாதியில் வெடித்தது. "இதுல மணல் ஓடிருச்சு." அடுத்த பிடி, வேறு இடத்திலிருந்து. முழுசாகச் சுற்றியும் கோடுகூட விழவில்லை. "இது ஆகும்." பத்து நிமிஷத்தில் குவியல் முழுக்கச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார், இது வேண்டும், இது வேண்டாம் என்று. என் பாட்டில்கள் மறுநாளும் அதையேதான் சொல்லின.

நல்ல களி ஆறு டிராக்டர் தேறியது. 30 சதுர மீட்டர் பரப்பில் இரண்டடிக் கனம் போட்டு, பக்கச் சுவரிலும் பூச வேண்டும், மிதித்தால் அமுங்கிப்போகும் என்பதையும் சேர்த்து 11 டிராக்டர் தேவை. வயலுக்கு மண் அடித்தவர் இன்னும் விரவாமல் ஓரமாகத்தான் வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். மீதிக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வழியாகக் கேட்டு அனுமதி வாங்கி, கண்மாய் உள்வாயில் தண்ணீர் ஏறாத ஓரத்திலிருந்து எடுத்தோம்.

தீபாவளி முடிந்த வார இறுதி. 50 பேரில் 22 பேர் வந்தார்கள், சான்றிதழ் எதுவும் இல்லை என்று சொல்லியும். முதலில் கட்டி உடைப்பது. களிக்கட்டி காய்ந்தால் கல். நெல்லிக்காய் அளவுக்கு உடைக்க வேண்டும், வேர்த்துண்டு ஒன்று உள்ளே இருந்தாலும் அது மக்கிய பிறகு அந்த வழியாகவே தண்ணீர் இறங்கும் என்றார் பானைக்காரர். அக்காமார் முறம் கொண்டுவந்து புடைத்தே விட்டார்கள். அரை அடிக்கு விரித்து, தண்ணீர் தெளித்து, மிதிக்க ஆரம்பித்தோம். இங்கேயும் ஒரு சறுக்கல்: தண்ணீர் கூடிப்போய்விட்டது. கால் புதைந்தது, மூன்று பேர் செருப்பு போனது போனதுதான், மிதிக்க மிதிக்கச் சேறு ஒதுங்கியதே தவிர இறுகவில்லை. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையை விரித்தால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கொழுக்கட்டை மாவுப் பதம் என்றார் அப்பத்தா. எனக்கு அதைவிடத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. அந்த அடுக்கை ஒரு நாள் வெயிலில் ஆறவிட்டோம்.

22 பேர் மிதித்தால் எத்தனை நாளாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தாத்தா சொன்னார், "கீதாரிகிட்டச் சொல்லிவிடு." கீதாரி என்றால் இந்தப் பக்கத்தில் ஆட்டுக்கிடை போட ஊர் ஊராகப் போகிறவர்கள். இரண்டு மைல் தள்ளிக் கிடை போட்டிருந்தவர் 180 செம்மறியோடு வந்தார். கூலி ஒரு மூட்டை அரிசி. பள்ளத்தைச் சுற்றிக் கிடைவலையைக் கட்டி, ஒரு தடவைக்கு ஐம்பது அறுபது ஆடாக உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். முதல் ஆடு இறங்க மாட்டேனென்று அடம்பிடித்தது. அதைத் தூக்கி உள்ளே வைத்ததும் மீதி தானாகக் குதித்தன. நாங்கள் மிதித்த இடத்தில் பாதம் பட்டையாகப் பதிந்திருந்தது, ஆட்டுக்குளம்பு பட்ட இடத்தில் இரண்டு அங்குலத்துக்குக் குத்திக் குத்தி இறுக்கியிருந்தது. ஒரு மாணவனின் தம்பி கூட வந்திருந்தான், கட்டடப் பொறியியல் படிக்கிறவன், அவன்தான் சொன்னான்: அணைக்கரை, சாலை போடும்போது களிமண்ணை இறுக்க ஓட்டும் உருளைக்குப் பெயரே 'ஷீப்ஸ்ஃபுட் ரோலர்', ஆட்டுக்கால் மாதிரி முளை வைத்திருப்பார்களாம். கீதாரியிடம் சொன்னேன். "அதுக்கு டீசல் ஊத்தணும்ல" என்றார்.

ஒரு அடுக்கு முடிந்ததும் மேலே லேசாகக் கொத்திவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாது. நான்கு அடுக்கு, மூன்று நாள். பள்ளத்தை முழுசாக நிரப்பவில்லை, களிக்கு மேலே இரண்டடி பள்ளமாகவே விட்டுவிட்டோம். அந்த இளைஞர் கேட்ட ஆழம் பாதியாவது கிடைத்தது. கடைசி அடுக்கு காய்ந்து வெடிக்காமலிருக்க வைக்கோல் போட்டு, தினம் சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கார்த்திகை இரண்டாம் வாரம் மழை.

இந்தத் தடவை போனுக்குக் காத்திருக்கவில்லை, நானே வாளியோடு போய்விட்டேன். வாளியில் 4 மில்லிமீட்டர். ஊருணியில் 12. எட்டு மில்லிமீட்டர் இன்னும் எங்கோ போகிறது. களியும் மணலும் சேரும் ஓரத்தில் என்று சந்தேகம், பக்கச் சுவரில் எங்கள் பூச்சு மெல்லிசு. "விடு சாரு, கலங்கத் தண்ணி வர வரத் தானா அடையும்" என்றார் தாத்தா. தை மாதம் அளந்தபோது ஊருணியின் அந்த 12, 9 ஆகியிருந்தது. தண்ணீர் மாசிக் கடைசி வரை நின்றது. பங்குனி தொடும் என்று கணக்குப் போட்டிருந்தோம், கொஞ்சம் முந்திவிட்டது.

பனைவிதையைப் பற்றி ஒன்று. மூன்று மாதமாகத் தரைக்கு மேலே ஒன்றும் வராததால் எல்லாம் போச்சு என்று மாணவர்கள் முகம் தொங்கிவிட்டது. பனை முதலில் கீழ்நோக்கித்தான் முளைவிடும், குருத்து வெளியே வர மாதங்களாகும். பொங்கல் விடுமுறையில் போனபோது கரையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி. யாரோ எங்கள் பனங்கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றிருந்தார்கள். கேட்டால் ஊரில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. முளைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று தேற்றிக்கொண்டோம். ஆவணியில் அந்த இடத்தில் மறுபடி விதை போட வேண்டும்.

அப்புறம், ஆடுகள். செம்மறிகள் வழியெல்லாம் சீமைக் கருவேல நெற்றைத் தின்றுவிட்டு வந்திருக்கின்றன. விதையெல்லாம் வயிற்றுக்குள் செரித்துவிடாது, தப்பியது புழுக்கையோடு வந்து இன்னும் நன்றாக முளைக்கும். மூன்று நாள் 180 ஆடு உள்ளே நின்றதன் பலன், தண்ணீர் வற்றியதும் களியைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று கன்று. விரல் உயரத்தில் இருக்கும்போது பிடுங்கினால் நூல் மாதிரி வேரோடு வந்துவிடும், முழங்கால் உயரம் விட்டால் கடப்பாரை வேண்டும், வேரும் நம் களியைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை தோறும் கடைசி மணி நேரம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பிடுங்குகிறார்கள், எண்ணிச் சுவரில் எழுதுகிறார்கள். போன வாரம் 212. அதற்கு முந்தின வாரம் 340. அடுத்த வாரம் நான் போகும்போது பெர்மாங்கனேட்டும் டியூப்பும் எடுத்துப்போக வேண்டும், சாலை தாண்டி மறுபடி வண்டல் ஏறியிருக்கிறது என்று அந்தக் குழவி அக்கா போன் செய்தார்.